கருப்பம்மா விளிம்பு தட்டிய பேணிகள்

செய்தி வந்தபோது நேற்றுப் பகல் பதினொன்று நாற்பது. ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனால், லுணுகலையில் சில்லறைக்கடை வைத்திருக்கும் அலவி நானா. பதுளைக்குச் சாமான் எடுக்க வந்தவர், நனைந்த குடையை மடிக்காமல் கையில் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், ஒங்களுக்குச் சொல்லாமப் போனா சரியில்லன்னு வந்தேன். தோட்டத்துக் கருப்பம்மா மௌத்தாகிட்டா. நேத்து அந்தியில."

"என்ன வருத்தம்?"

"காய்ச்சலோடதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கா. பத்து மணிக்கு உழுந்திருக்கா. லொறி நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்திருக்கு."

"ஏன் நாலு மணி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொழுந்து ஏத்தி முடியணுமே டீச்சர். வாடிட்டா ஏச்சு விழும்னு ட்ரைவர் பயந்திருக்கான்."

பசறை தாண்டும்போதே உயிர் போயிருந்ததாம். பறித்த கொழுந்து வாடாமல் போய்ச் சேர்ந்தது. பறித்தவள் போய்ச் சேரவில்லை. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. எனக்கும் அதே வயதுதான். நான் வகுப்புக்குத் திரும்பிப் போய் மிச்சக் கணக்கையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நல்லதை மட்டும் எழுதுவார்கள். கருப்பம்மாவைப் பற்றி எழுத நல்லது நிறைய இருக்கிறது. எங்களைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

1973இல் என் கணவர் சிவஞானம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். நான் லுணுகலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் மகள் நளாயினிக்குப் பத்து மாதம். தலையணை முட்டுக்கொடுக்காமல் அவளால் உட்கார முடியாது. தவழ்வது பற்றிப் பேச்சே இல்லை. சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பதுளையில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். "கொஞ்சம் மந்தமான பிள்ளையாக இருக்கலாம், பார்ப்போம்" என்றார். அன்று பஸ்ஸில் வீடு வரும் வரை பிள்ளையை நான் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பிள்ளை மந்தமில்லை. நாங்கள்தான் மந்தம். அவளை ஒருநாளும் நாங்கள் நிலத்தில் விட்டதில்லை. சீமெந்து நிலம் குளிரும், சளி பிடிக்கும், பூச்சி கடிக்கும். மடியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து மடிக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளை புழுதியில் புரளக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம் மாதிரி.

விளையாட்டுச் சாமான் இல்லாமலும் இல்லை. லண்டனில் இருக்கும் கணவரின் தமையன், சாவி கொடுத்தால் நடக்கும் கரடி ஒன்றும், கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்றும், நிறம் பூசிய மரக்கட்டைகளும் அனுப்பியிருந்தார். வெளிநாட்டுச் சாமான் கண்ணிலேயே படாத காலம் அது. அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பிள்ளை கையில் கொடுத்தால் உடைத்துவிடுவாள் அல்லவா! ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டுவோம். அவள் கண்ணாடியை நக்குவாள். நான் துணியால் துடைப்பேன்.

இந்த வீட்டுக்குத்தான் கருப்பம்மா பிள்ளை பார்க்க வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவள். வந்த முதல் நாள் நளாயினியைத் தூக்கினாள், கால்களைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அலுமாரியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது புள்ளயா, இல்ல அந்தக் கண்ணாடிக்குள்ள வைக்க மறந்துபோன இன்னொரு பொம்மையா?"

எனக்குச் சுருக்கென்றது. "குளிருக்குப் பயந்துதான்..." என்று இழுத்தேன்.

"எங்க லயத்துல மட்டும் வெயிலா அடிக்குது? சாக்க விரிச்சு எறக்கி விடுங்கம்மா. தரை கடிக்காது."

இரண்டு சாக்கைப் பிரித்து, அவித்து, வெயிலில் காய வைத்து, அதன்மேல் பழைய சேலை ஒன்றை விரித்தாள். பிள்ளையைக் குப்புறக் கிடத்தினாள். நளாயினி அழுதாள். நான் பாய்ந்து தூக்கப் போனேன். கருப்பம்மா கையை நீட்டி மறித்தாள். தானும் தரையில் குப்புறப் படுத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, அவள் அழுத மாதிரியே ஒரு குரல் கொடுத்தாள். நளாயினி அழுகையை நிறுத்திவிட்டு இந்தப் புதினத்தைப் பார்த்தாள்.

அவள் கொண்டு வந்த சாமான்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. அலவி நானாவின் கடை வாசலில் தைக்கிற தையற்காரர் வீசிய மர நூற்கட்டைகளைக் கயிற்றில் கோத்தாள். பைன்காய், புளியங்கொட்டை போட்டுத் துணியால் இறுகத் தைத்த பொட்டலம், அகப்பை, அரிசி அளக்கும் ஓட்டைச் சுண்டு. கொழுந்துக் கூடையைச் சரித்துப் போட்டால் அது வீடு. உள்ளே ஒரு நூற்கட்டையை உருட்டிவிடுவாள், அதைத் தேடிப் பிள்ளை தவழ வேண்டும். முதலில் ஒரு சாண் தூரம், பிறகு ஒரு முழம். கரண்டியைக் கைலேஞ்சியால் மூடி, "எங்க போச்சு?" என்பாள். பிள்ளை கைலேஞ்சியை இழுத்ததும், கரண்டியை அதுவரை கண்டதே இல்லை என்பது போலக் கருப்பம்மா திடுக்கிடுவாள். நூறு தரம் செய்தாலும் நூறு தரமும் திடுக்கிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பேணி. டின்பால் பேணி. நாங்கள் பேணி என்போம், அவள் டின்னு என்பாள். கத்தியால் மூடியை வெட்டி எடுத்தபின் விளிம்பு பல்லுப்பல்லாக நிற்குமே, அதை ஆற்றுக்கல் ஒன்றால் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் தட்டி மடிப்பாள். ஒரு பேணிக்கு அரைமணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் விளிம்பைச் சுற்றி நாக்கால் தடவிப் பார்ப்பாள். முதல்முறை அதைக் கண்டபோது நான் அருவருத்தேன்.

"விரலாலை பார்த்தாப் போதாதே?"

"என் வெரலு கொழுந்து ஒடிச்சு ஒடிச்சுத் தோலாயிருச்சும்மா, முள்ளே தெரியாது. புள்ள வாயிலதானே வைக்கும்? அப்ப வாயாலதான் பாக்கணும்."

நான் பட்டதாரி. குழந்தை உளவியல் ஒரு பாடமாகப் படித்துச் சித்தியெய்தியவள். எனக்கு அது தோன்றவில்லை.

பேசுவதற்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. நளாயினி "பா" என்றால் இவளும் "பா" என்பாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தபடி காத்திருப்பாள். நான் அப்படியில்லை. "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று மழை மாதிரிக் கொட்டுவேன்.

"பேசிட்டு நிக்கணும்மா," என்றாள். "பதில் வரட்டும். நாம்பளே பேசிக்கிட்டிருந்தா அது எப்பப் பேசும்?"

மூன்று மாதத்தில் நளாயினி வீடு முழுவதும் தவழ்ந்தாள். ஐந்தாம் மாதம் கூடையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். தெளிவாக வந்த முதல் சொல் "வாங்க," எங்கள் வீட்டு "வாங்கோ" இல்லை. கணவர் கந்தோர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முகம் சுருங்கியது.

"லயத்துக் கதை பழகிறாள்," என்றார். "கிளப்பிலை சிரிக்கப் போறாங்கள்."

மந்தம் என்று சொல்லப்பட்ட பிள்ளை வாய் திறந்திருக்கிறாள், அவருக்கு அது எந்த ஊர்த் தமிழ் என்பதுதான் கவலை. நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்வதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

கருப்பம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது, ஒன்றே ஒன்று. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேண்டும். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் நீளமான அறை அது. உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். குழந்தைகள் பகல் முழுக்க அதற்குள்ளேயே கிடக்கும். சத்தம் வராவிட்டால் நல்ல பிள்ளைக்காம்பரா என்று தோட்டத்து மேலதிகாரியான தொரை புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். கருப்பம்மாவின் மூத்த மகள் ஒன்றரை வயது வரை அங்கே கிடந்தவள். பின்மண்டை தட்டை. மூன்று வயதில்தான் ஒழுங்காக நடந்தாள்.

"கூரையப் பாத்தே வளந்த புள்ளம்மா," என்று சிரிப்பாள் கருப்பம்மா. "தகரத்துல எத்தன ஆணின்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவா." பிறகு சிரிப்பு நின்றுவிடும். "என்னைய மட்டும் அங்க போட்டா, எல்லாத்தையும் கீழ எறக்கி விட்டுருவேன்."

அந்த மார்கழியில் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. தை முடிவில் இந்தியாவுக்குக் கப்பல். அந்த இடத்துக்கு ஆளைச் சொல்லும்படி தொரை என் கணவரிடம்தான் கேட்டிருந்தார்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கம்மா," என்றாள் கருப்பம்மா. சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. "பிள்ளை பாக்கிறதிலை கெட்டிக்காரிதான். திங்கட்கிழமை எழுதிக் குடுப்பம்," என்றார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, தை பத்தொன்பது. நான் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கருப்பம்மா துணி அலசப் பீலிக்குப் போயிருந்தாள். காலையில் வெட்டிய பேணி கழுவி, குசினி ஜன்னலில் உயரத்தில் இருந்தது. விளிம்பு இன்னும் தட்டவில்லை. வந்து தட்டுவதற்காக வைத்திருந்தாள். நளாயினி சிணுங்கினாள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு இன்னும் இருபது தாள் மிச்சம். எழும்பிப் போய் அந்தப் பேணியை எடுத்து, ஒரு கரண்டியைப் போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளிம்பைப் பார்க்கவில்லை. விரலாலும் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி கூடத் திருத்தி முடியவில்லை, அலறல். கீழ் உதடு பிளந்திருந்தது. சட்டை முழுக்க இரத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் அதைத்தான் கண்டார். ஈரத்துணி வாளியோடு கருப்பம்மாவும் அதே நேரம் பின்வாசலால் வந்தாள்.

"ஆர் உதைப் பிள்ளையின்ரை கையிலை குடுத்தது?"

கருப்பம்மா தரையில் கிடந்த பேணியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அதனால்தான் திகதி இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "ஜன்னல்ல வச்சிட்டுத் தட்டாமப் போனது நான்தாங்கய்யா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எழும்பி மிச்சத்தைச் சொல்லியிருந்தால் அது முழு உண்மையாகியிருக்கும்.

"குப்பையிலை கிடக்கிற தகரத்தையெல்லாம் பொறுக்கி வந்து பிள்ளைக்குக் குடுக்கிறியோ? போ வெளியிலை. இனி இந்த வாசல் மிதிக்கக்கூடாது."

அவள் வாளியில் இருந்த துணிகளைக் கொடியில் விரித்துவிட்டுத்தான் போனாள். எங்கள் பிள்ளையின் துணிகள். டிஸ்பென்சரியில் நளாயினிக்கு மூன்று தையல் போட்டார்கள்.

அவருடைய கோபம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் தொரைக்குக் கடிதம் எழுதினார். கருப்பம்மா சிறுபிள்ளைகளின் பாதுகாப்பில் அசட்டையானவள், அது தன் சொந்த வீட்டிலேயே கண்ட அனுபவம் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினார். வியாழக்கிழமை தோட்டத்துச் சங்கத் தலைவரின் கொழுந்தியாள் ஆயாவாகிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"இப்ப சொல்லி என்ன பிரயோசனம்? ஆளைப் போட்டாச்சு."

"கடிதத்தை மாத்தி எழுதுங்கோவன்."

"அப்ப நான் விசாரியாமல் எழுதினவன் எண்டு ஆகும். விடும் கதையை."

விட்டேன். கருப்பம்மா மறுபடியும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாம் அலவி நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைக்காம்பராவுக்குள் விடாவிட்டால் என்ன, லயத்துக் காம்பராக்கள் இருக்கின்றனவே. அந்திக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபின், கைக்குழந்தை இருக்கும் வாசல்களில் நின்று ஏசுவாளாம். "அடியேய், நாள் பூரா தொட்டில்ல கெடந்த புள்ளய மறுபடி தொட்டில்ல போடுறியா? எறக்கி விடுடி! நீ ரொட்டி சுடு, அது மாவப் பெசையட்டும்." அலவி நானா காலிப் பேணியையும் நூற்கட்டையையும் அவளுக்கென்று ஒரு சாக்கில் சேர்த்து வைப்பார். பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் அவள் கையால் விளிம்பு தட்டிய பேணி ஒன்று போகும்.

நாங்கள் 1976இல் பதுளைக்கு மாறி வந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்காக லுணுகலைக்குப் போனபோது கடைத்தெருவில் அவளைக் கண்டேன். நளாயினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க," என்றாள் கருப்பம்மா, பிள்ளையைப் பார்த்து. "என்னைய மறந்துட்டீங்க சின்னம்மா. அந்த வார்த்தய நான்தான் குடுத்தேன், இப்ப வட்டியோட குடுங்க பாப்போம்." நளாயினி வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது உதட்டுத் தழும்பு இழுபடும். கருப்பம்மா அதைப் பார்த்தாள்.

"கருப்பம்மா, அண்டைக்கு அந்தப் பேணி..."

"தெரியும்மா. புள்ளைக்கு எட்டாத ஜன்னல்லதானே வச்சேன். டின்னுக்கு என்ன காலா மொளச்சிச்சு?"

நான் குனிந்து நளாயினியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"பேசிட்டு நிக்கணும்னு சொன்னேன்ல? நின்னேன். ஆயாவப் போடுற வரைக்கும் அஞ்சு நாளு நின்னேன். ஒங்க புள்ள அஞ்சே மாசத்துல பதில் சொல்லிருச்சு. ஒங்களுக்கு நாலு வருஷம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்: பிள்ளைக்காம்பராவில் மறுபடியும் இடம் காலியாகியிருக்கிறது, இந்தத் தரமாவது ஒரு கடிதம் எழுத முடியுமா?

எழுதினேன். நடந்தது முழுவதையும், பேணியைக் கொடுத்தது நானே என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொரை மாறியிருந்தார், பெயர்ப்பலகை மாறியிருந்தது, கோப்பு மட்டும் மாறவில்லை. பதில் இரண்டே வரியில் வந்தது. இவரைப் பற்றி முன்னைய பெரிய கிளாக்கரின் பாதகமான அறிக்கை ஒன்று கோப்பில் இருப்பதால், அவரே அதை வாபஸ் பெற்றாலன்றிப் பரிசீலிக்க முடியாது. கடிதத்தைக் கணவர் முன் வைத்தேன். வாசித்தார். "பழங்கதை," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையெழுத்து. பேனை அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. நான் அதை எடுத்து அவர் கையில் வைக்கவில்லை.

கருப்பம்மா பிள்ளைக்காம்பராவில் இருந்திருந்தால், நேற்று முன்தினம் காய்ச்சலோடு மலையில் நின்றிருக்க மாட்டாள். இதை நான் எந்தப் பக்கத்தால் திருப்பிப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை. கொழுந்து லொறியை நிறுத்தி வைத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் பெரியது. ஆனால் அவளை அந்த மலையில் கொண்டுபோய் நிறுத்தி வைத்தது அவர்கள் இல்லை. நளாயினியிடம், உதட்டுத் தழும்பு அவள் விழுந்ததால் வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்று சாவு வீட்டுக்குப் போனேன். கணவர் வரவில்லை, மலர்வளையத்துக்குக் காசு தந்தார். நான் வாங்கவில்லை. லயத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு நின்றார்கள். பெட்டியை எடுத்ததும் தப்பு மேளச் சத்தத்தில் ஒரு குழந்தை வீரிட்டது. தாய் தாலாட்டப் பார்த்தாள், முடியவில்லை. அதைத் தரையில் இறக்கி விட்டாள். அது பெரியவர்களின் கால்களுக்கிடையே ஒரு நூற்கட்டையைத் துரத்திக்கொண்டு தவழ்ந்தது. யாரும் தூக்கவில்லை. எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள்.

அடக்கம் முடிந்தபின், காம்பராவுக்குள் அவள் புருஷன் மட்டும் சுவரோடு உட்கார்ந்திருந்தான். என்னை யாரென்று அவனுக்குத் தெரியும். இருந்தும், "ஒக்காருங்க டீச்சரம்மா," என்றான். நான் நின்றேன். ஜன்னல் கட்டையில் ஒரு டின்பால் பேணியும் பக்கத்தில் ஆற்றுக்கல்லும் இருந்தன.

"பக்கத்துக் காம்பரா புள்ளைக்கு," என்றான். "உழுறதுக்கு மொத நாள் அந்தியில தட்டிக்கிட்டிருந்தா. ஒடம்பு நடுங்குது, காலையில பாப்போம்னு வச்சிட்டா."

எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பாதி உள்ளே மடிந்து வழவழவென்றிருந்தது. மறுபாதி கத்தி வெட்டியபடியே நின்றது.